பாரம் முதலில், பை பிறகு: பகல் நடைக்கும் இரவு முகாமுக்கும் இரண்டு முதுகுப்பைகளைத் தயார் செய்த பதிவு

எந்தப் பை நல்லது என்று கேட்டால் பெரும்பாலும் லிட்டர் கணக்கில்தான் பதில் வருகிறது. பகல் நடைக்கு 20 முதல் 30 லிட்டர், ஓர் இரவு தங்குவதற்கு 40 முதல் 50, அதற்கு மேல் நாட்கள் நீண்டால் 60, 70. கணக்கில் தவறில்லை. ஆனால் பை முதுகில் ஏறிய பிறகு தோளும் இடுப்பும் படும் பாட்டை அந்த எண் சொல்லாது. அதனால் இரண்டு பைகளைத் தயார் செய்ய உட்கார்ந்தபோது வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் சுமக்கவேண்டிய பொருள்கள், அடுத்து என் முதுகின் நீளமும் இடுப்பின் சுற்றளவும், கடைசியில்தான் பை. இரண்டில் ஒன்று ஏற்கெனவே கைவசம் இருந்த 22 லிட்டர் பகல் பை. அதில் பழுதுகள் சேர்ந்திருந்தன. மற்றது இரவு முகாமுக்காகப் புதிதாகத் தேர்ந்தெடுத்து, என் உடம்புக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டது.

பொருள்களை அளந்தது

தரையில் ஒரு போர்வையை விரித்து இரண்டு குவியல்கள் போட்டேன். பகல் குவியலுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது, சியாட்டில் நகரின் தி மௌண்டனியர்ஸ் மலையேற்றக் கழகம் 1930களில் தொகுத்த பத்து அத்தியாவசியப் பொருள்களின் பட்டியல். வழி காட்டும் வரைபடமும் திசைகாட்டியும், தலையில் மாட்டும் விளக்கு, வெயில் காப்பு, முதலுதவி, கத்தி, தீ மூட்டும் பொருள், அவசரத் தங்குமறைப்பு, கூடுதல் உணவு, கூடுதல் தண்ணீர், கூடுதல் உடை என்று இன்று அது வழங்குகிறது. மாலைக்குள் திரும்பிவிடும் நடைக்கு இவ்வளவும் எதற்கு என்று தோன்றலாம். கணுக்கால் பிசகி, திரும்பும் வழியில் இருட்டிவிட்டால் பகல் நடையே இரவு முகாமாகிவிடும். பகல் பையில் விளக்கும் மழைச்சட்டையும் இல்லாமல் புறப்படுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும்.

ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்தேன். இரண்டு லிட்டர் தண்ணீருக்கே 2 கிலோ போய்விட்டது. உணவு 600 கிராம், மழைச்சட்டை 350, கம்பளிச் சட்டை 400, முதலுதவிப் பொட்டலம் 200, மற்றவை சேர்த்து அரைக் கிலோ, பை 800 கிராம். மொத்தம் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரவுக் குவியலில் கூடாரம் 1,900 கிராம், ஸ்லீப்பிங் பேக் 1,100, காற்றுப்பாய் 500, அடுப்பும் பாத்திரமும் 400, எரிவாயுக் குப்பி 380, உடைகள் 900, உணவு ஒரு கிலோ, தண்ணீர் 2 கிலோ, மழைச்சட்டை முதலான உதிரிகள் கிலோவுக்குச் சற்று மேல், பை ஒன்றரைக் கிலோ. கூட்டினால் 11 கிலோவை ஒட்டி வருகிறது.

பகல் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரவு முகாமுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது நெடுநாளாக வழங்கும் வரம்பு. அதை ஒரு தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ள வேண்டும். மெலிந்த உடல்வாகு உள்ளவரும் பழக்கமில்லாதவரும் இதற்கும் கீழே நிற்பது நல்லது.

கன அளவை அறிய ஓர் அட்டைப்பெட்டி போதும். இரவுக் குவியலைப் பையில் வைப்பது போலவே நெருக்கமாகப் பெட்டிக்குள் அடுக்கினேன். தண்ணீர்ப் புட்டிகளையும் கூடாரக் கம்பிகளையும் வெளியே விட்டேன். அவை பக்கப் பைகளில் போகும். பெட்டியின் அகலம் 30 செ.மீ., ஆழம் 28, பொருள்கள் நின்ற உயரம் 46. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 38.6 லிட்டர். குளிர் கூடிய நாளுக்கு ஒரு கனமான மேலாடையும் சேரும் என்று வைத்து, 45 லிட்டர் என்று முடிவு செய்தேன். 60 லிட்டர் பை வாங்கியிருந்தால் அந்த மீதி இடம் சும்மா இருக்காது. ஏதாவது ஒன்று வந்து ஏறிக்கொள்ளும். தவிர, பாதி நிரம்பிய பெரிய பையில் பாரம் அடியில் சரிந்து உட்கார்ந்து பின்னோக்கி இழுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பையில் எழுதியிருக்கும் லிட்டர் எல்லோரிடமும் ஒரே பொருளில் வருவதில்லை. பையின் கொள்ளளவை அளக்க ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் எஃப்2153 முறை உண்டு, 20 மி.மீ. பிளாஸ்டிக் பந்துகளைப் பைக்குள் நிரப்பி, அந்தப் பந்துகளின் கன அளவைப் பார்ப்பார்கள். எல்லாத் தயாரிப்பாளர்களும் இப்படி அளப்பதில்லை. மூடாத வலைப் பைகளையும் கணக்கில் சேர்த்து எண்ணைப் பெரிதாக்குபவர்களும் இருக்கிறார்கள். அந்த அட்டைப்பெட்டிப் பொருள்களையே கடைக்கு எடுத்துப் போய்ப் பையில் போட்டுப் பார்ப்பதுதான் நான் கண்ட நம்பகமான வழி.

முதுகின் நீளம்

ஆளின் உயரத்தை வைத்துப் பையின் அளவைச் சொல்ல முடியாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடல் நீளம். அளக்கவேண்டியது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம். தலையை முன்னால் குனிந்தால் பிடரிக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பு மேற்புள்ளி. அது ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களை முதுகுப் பக்கம் நீட்டினால், அவை சந்திக்கும் மட்டம் கீழ்ப்புள்ளி. தையல் நாடாவை முதுகின் வளைவோடு ஒட்ட வைத்து வேறொருவர் அளக்க வேண்டும். தனியாக அளந்தால் உடல் முறுக்கி எண் மாறிவிடும். எனக்கு 46 செ.மீ. வந்தது. வளர்ந்தவர்களுக்கு இது பொதுவாக 38 முதல் 53 செ.மீ. வரை இருக்கும்.

இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இடுப்புப் பட்டை எங்கே உட்காருகிறது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. பை நீளமாக இருந்தால் பட்டை புட்டத்தின் மேல் சரிந்து, எடை முழுவதும் தோளுக்குத் திரும்பிவிடும். குட்டையாக இருந்தால் பட்டை வயிற்றில் ஏறி மூச்சை இறுக்கும். சரியாக அமைந்த பையில் பாரத்தின் பெரும்பகுதி இடுப்பெலும்பின் வழியாகக் கால்களுக்கு இறங்கும். தோள்வார்கள் பையை முதுகோடு அணைத்துப் பிடித்தால் போதும். டிக் கெல்டி 1952இல் கலிபோர்னியாவில் தன் வீட்டில் அலுமினியச் சட்டப் பைகளைச் செய்து விற்கத் தொடங்கியதும், பாரத்தை இடுப்புக்கு மாற்றும் வழியை அவர் பரப்பியதும் இந்த உண்மையின் மேல்தான் நின்றன. அந்தச் சட்டங்கள் பைக்கு வெளியே இருந்தன. 1967இல் அமெரிக்க மலையேறி கிரெக் லோ சட்டத்தைப் பைக்குள் கொண்டுபோனார். இன்று கடைகளில் தொங்கும் பெரும்பாலான முகாம் பைகள் அந்த வழியில் வந்தவை.

கடையில் பையைத் தேர்ந்தெடுத்தபோது வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் நேரம் செலவழிக்கவில்லை. வெறும் பை எதுவுமே தோளில் சுகமாகத்தான் இருக்கும். கொண்டுபோன பொருள்களை நிரப்பி, தண்ணீரும் சேர்த்து 11 கிலோவாக்கி, படிகளில் ஏறி இறங்கினேன். பார்த்தது மூன்று விஷயங்கள். இடுப்புப் பட்டையின் பஞ்சு வைத்த பகுதி இடுப்பெலும்பின் முனையைத் தாண்டி முன்னால் வருகிறதா. பட்டையை இறுக்கிய பிறகு இரு பஞ்சு முனைகளுக்கும் நடுவே ஒரு கையகலமாவது இடைவெளி இருக்கிறதா. தோள்வார் தோளைச் சுற்றி இறங்கி, தோளின் உச்சிக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே பையோடு சேர்கிறதா. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. முனைகள் இரண்டும் முட்டிக்கொண்டால் அதற்கு மேல் இறுக்க வழியில்லை. நீண்ட நடையில் உடம்பு வியர்த்து ஆடை நெகிழ்ந்தால் பட்டை நழுவும்.

முதுகுப் பக்கம் வில் போல விறைத்த வலை கொண்ட பைகளையும் போட்டுப் பார்த்தேன். காற்றோட்டம் அருமை. ஆனால் அந்த இடைவெளி அளவுக்குப் பாரம் முதுகைவிட்டு விலகி நிற்கிறது. செங்குத்தான இறக்கத்தில் அந்த விலகல் தெரியும். பகல் பைக்கு வலையை மகிழ்ச்சியோடு ஏற்பேன். இரவு முகாமின் எடைக்கு நுரை வைத்த தட்டையான முதுகே என் தேர்வு. வாய்ப்பகுதியைச் சுருட்டி மூடும் வகையை எடுத்தேன். முதன்மைத் திறப்பில் ஜிப்பே இல்லாததால், முகாமுக்குப் போன இடத்தில் பழுதாக ஒன்று குறைவு.

துணியைப் பற்றி ஒரு சொல். 210 டீனியர், 420 டீனியர் என்பவை நூலின் தடிமனைக் குறிப்பவை: அந்த நூல் 9,000 மீட்டர் நீளத்துக்கு எத்தனை கிராம் எடை என்பதே டீனியர். எண் கூடினால் தேய்மானத்தைத் தாங்கும், எடையும் கூடும். நான் எடுத்ததில் உடல் 210 டீனியர் நைலான், அடிப்பகுதி 420. பாறையில் உரசுவது அடிப்பகுதிதான் என்பதால் இந்தக் கலவை எனக்கு ஏற்புடையது.

தட்டைக் கம்பிகளை வளைத்தது

புதிய பையில் நான் அதிக நேரம் செலவிட்டதும், அதிகப் பலன் கண்டதும் இந்த வேலையில்தான். பையின் முதுகுப் பக்கம் இரண்டு உறைகளுக்குள் அலுமினியத் தட்டைக் கம்பிகள் இருக்கின்றன. தொழிற்சாலையிலிருந்து ஒரு பொதுவான வளைவோடு வரும். பொதுவான முதுகு என்று ஒன்று யாருக்கும் கிடையாது. உறையின் மேல்முனையைத் திறந்து இரண்டையும் உருவி எடுத்தேன்.

முதுகின் வளைவைப் படியெடுக்கத் தடித்த ஈயப்பற்றுக் கம்பியை இரட்டையாக முறுக்கிப் பயன்படுத்தினேன். இயல்பாக நிமிர்ந்து, நடக்கும்போது இருப்பது போலச் சிறிதே முன்சாய்ந்து நின்றேன். வீட்டிலிருந்த ஒருவர் கம்பியை முதுகெலும்பின் மேல் அழுத்தி வைத்து, இடுப்புக் குழிவிலும் தோள்களுக்கு இடையிலான புடைப்பிலும் ஒட்ட வைத்தார். அதை அப்படியே கலையாமல் எடுத்து அட்டையில் கிடத்திப் பென்சிலால் கோடு வரைந்தோம். அதுதான் அச்சு.

மேசை விளிம்பில் துணியை மடித்துப் போட்டு, அலுமினியக் கம்பியை அதன்மேல் வைத்து, இரு கைகளாலும் சிறிது சிறிதாக அழுத்தினேன். ஒரே இடத்தில் அழுத்தாமல் இரண்டு, மூன்று செ.மீ. நகர்த்தி நகர்த்தி அழுத்த வேண்டும். அப்போதுதான் மடிப்பு விழாமல் வளைவு வரும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் அட்டையில் வைத்துப் பார்த்தேன். குறைவாக வளைத்து நிறுத்துவது பாதுகாப்பு. கூடுதலாக வளைத்துவிட்டுத் திரும்ப நிமிர்த்தினால் அந்த இடத்தில் உலோகம் இறுகி முறியும் தன்மை வந்துவிடும். 7075 வகை அலுமினியத்தில் இந்த அபாயம் இன்னும் கூடுதல். இடுப்புக் குழிவுக்கு நேரே நன்றாக உள்வளைவு, மேலே தலையை இடிக்காதபடி கடைசி 10 செ.மீ. பின்னோக்கிச் சிறு சாய்வு. இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்த்தேன். ஒன்று முறுக்கிக்கொண்டால் பை நடையில் ஒருபக்கமாக ஆடும்.

திரும்பச் செருகி 11 கிலோவோடு மாட்டியபோது இடுப்புக்கு மேலே இருந்த வெற்றிடம் மறைந்திருந்தது. முன்பு தோள்களுக்கு இடையே ஒரு புள்ளியில் குத்திக்கொண்டிருந்த அழுத்தம் முதுகு முழுவதும் பரவிவிட்டது. பை வாங்கிய எவரும் இதைச் செய்துகொள்ளலாம். கம்பிகள் உருவ வருகின்றனவா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

வார்களை இறுக்கும் வரிசை

எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுத் தொடங்க வேண்டும். பையை மாட்டி, தோளைச் சற்று உயர்த்தி, இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் அமரும்படி வைத்து முதலில் அதை இறுக்க வேண்டும். பிறகு தோள்வார்கள், பை முதுகில் ஒட்டும் அளவுக்கு மட்டும். அடுத்தது தோள்வாரின் உச்சியிலிருந்து பையின் தலைப்பகுதிக்குப் போகும் சிறு மேல்வார்கள். இவை கிடைமட்டத்திலிருந்து சுமார் 45 பாகைச் சாய்வில் மேலேறிப் போனால் பையின் நீளம் சரி. தட்டையாகவோ கீழ்நோக்கியோ போனால், பையின் முதுகு நீளத்தை மாற்ற உதவும் முதுகுப் பலகையை ஒரு படி நீட்ட வேண்டும். என் பையில் ஒரு படி நீட்டியதும் சாய்வு வந்துவிட்டது. கடைசியாக மார்புவார், காறையெலும்புக்கு இரண்டு விரல் கீழே. தோள்வார்கள் அக்குள் பக்கம் சரியாமல் பிடிக்கும் அளவு போதும்.

உடம்பு தரும் அடையாளங்களை இங்கே சொல்லியாக வேண்டும். தோள்வார்கள் நீண்ட நேரம் அழுத்தினால் தோளுக்கும் கழுத்துக்கும் இடையே போகும் நரம்புக் கற்றை நசுங்கிக் கை மரத்துப்போகும், பலமும் குறையும். இடுப்புப் பட்டையின் விளிம்பு இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே அழுத்தினால் தொடையின் வெளிப்புறம் எரியும் அல்லது மரக்கும். இரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது வீரமாகாது. உடனே நின்று, பையை இறக்கி, வார்களை மறுபடி வரிசைப்படி கட்ட வேண்டும். நடையில் மணிக்கொரு முறை இடுப்பையும் தோளையும் மாறி மாறிச் சிறிது தளர்த்தி இறுக்குவதை நான் வழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

சரியான இறுக்கம் கிடைத்த இடத்தில் ஒவ்வொரு நாடாவிலும் வெள்ளை நூலால் ஒரு சிறு தையல் அடையாளம் போட்டேன். இருட்டில் கையால் தடவியே கண்டுபிடிக்கலாம். மீதித் தொங்கும் நாடாவை வெட்டும் முன் தடித்த மேலாடை அணிந்து ஒருமுறை கட்டிப் பார்த்தேன். குளிரில் அந்த மீதி தேவைப்படும். வெட்டிய முனையை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்கி, இரண்டு மடிப்பு மடித்துத் தைத்துவிட்டால் பக்கிளிலிருந்து உருவி வெளியே வராது.

பழைய பகல் பை

அதில் மூன்று கோளாறுகள். ஜிப் மூடியபின் பின்னாலேயே வாய் பிளந்தது. இடது தோள்வார் பையோடு சேரும் இடத்தில் துணி கிழிந்துவந்தது. உட்புறம் பிசுபிசுத்து, புளித்த நாற்றம் அடித்தது. மூன்றுமே பையைத் தூக்கிப்போடக் காரணமாகச் சொல்லப்படுபவை. மூன்றையும் வீட்டிலேயே சரிசெய்ய முடியும்.

ஜிப் பிளப்பதற்குப் பற்கள் கெட்டுப்போனதுதான் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் தேய்வது ரன்னர். மணலும் தூசும் உள்ளே உரசி உரசி, ரன்னரின் மேல்தகடும் கீழ்த்தகடும் விலகிவிடுகின்றன. பற்களைச் சேர்த்து அழுத்தும் வலு போய்விடுகிறது. ரன்னரின் குறுகலான பின்முனையில், இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாகக் குறட்டால் மெல்ல அழுத்தினால் ஜிப் மறுபடி பிடிக்கும். இதை முதலில் செய்து பார்த்தேன், பிடித்தது. ஆனால் தேய்ந்த உலோகம் தேய்ந்ததுதான், இது நடைவழிச் சிகிச்சை. நிலையான தீர்வு ரன்னரை மாற்றுவது. ரன்னரின் பின்பக்கம் 5, 8, 10 என்று எண் பொறித்திருக்கும். சுருள்கம்பி வகைப் பல்லுக்கு ஒரு ரன்னர், தனித்தனியாக வார்த்த பல்லுக்கு வேறொன்று. எண் ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. என்னுடையது 8 எண் சுருள் வகை. ஜிப்பின் ஒரு முனையில் தையலை மூன்று செ.மீ. அளவுக்குப் பிரித்து, பழையதை உருவி, புதியதை இரு வரிசையும் சம நீளத்தில் நுழையும்படி ஏற்றினேன். முனையில் தடித்த நூலால் பல சுற்றுச் சுற்றித் தடுப்பு வைத்துவிட்டு, பிரித்த தையலை மூடினேன். அதற்குமுன் பற்களைச் சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவியாக வேண்டும். இல்லையென்றால் அதே மணல் புதிய ரன்னரையும் தின்னும். எண்ணெய் விடாதீர்கள், தூசியைச் சேர்க்கும்.

தோள்வார்க் கிழிசலுக்கு உட்புற நாடாத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். தையல் நூல் உறுதியாகத்தான் இருந்தது. நூலைச் சுற்றியிருந்த துணி இழை இழையாக நகர்ந்து கிழிந்திருந்தது. இந்த நிலையில் அதே இடத்தில் மறுபடி தைப்பது வீண். இழுவிசையை நல்ல துணிக்கு மாற்ற வேண்டும். 500 டீனியர் நைலானில் 10 செ.மீ.க்கு 8 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி, விளிம்புகளை உருக்கி, மூலைகளை வட்டமாக்கினேன். கிழிசலின் எல்லாப் பக்கமும் 3 செ.மீ. தாண்டும்படி உட்புறம் வைத்தேன். தோள்வாரின் நாடாவை அந்தத் துண்டோடு சேர்த்துச் சதுரமாகத் தைத்து, உள்ளே பெருக்கல் குறிபோலக் குறுக்குத் தையல்கள் போட்டேன். நூல் பிணைப்பு நைலான், ஊசி 18ஆம் எண், தையல் நீளம் 3 மி.மீ. தையலை அடர்த்தியாக்கினால் உறுதி கூடும் என்பது பொய்த் தோற்றம். நெருங்கிய ஊசித் துளைகள் வரிசையாக நின்று துணியைக் கிழிபட வைக்கும். தடித்த இடத்தில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். தையல் இயந்திரம் இல்லாதவர்கள் நூல் கோத்த குத்தூசியால் இதையே செய்யலாம். நேரம் பிடிக்கும், உறுதியில் குறையாது. பருத்தி நூல் மட்டும் வேண்டாம், ஈரத்தில் மக்கிவிடும்.

தைத்து முடித்ததும் பையில் 15 கிலோ ஏற்றி, இடது தோள்வாரை மட்டும் ஆணியில் மாட்டி இரவு முழுவதும் தொங்கவிட்டேன். காலையில் ஒரு துளைகூட அகலவில்லை.

உட்புறப் பிசுபிசுப்பு பாலியூரித்தேன் பூச்சு சிதைவதால் வருவது. சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் நீர் மூலக்கூறுகள் அந்தப் பூச்சின் பிணைப்புகளை அறுத்துவிடுகின்றன. முதலில் ஒட்டும், பிறகு செதில் செதிலாக உதிரும், மணம் கெடும். பூட்டிய பெட்டியிலோ வெயிலில் நிற்கும் வண்டியிலோ ஈரத்தோடு கிடந்த பைகளில் சீக்கிரம் வரும். இதைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை. எஞ்சியதை நீக்கிவிடுவதே வழி. பையை உள்வெளியாகத் திருப்பி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, விறைப்பான தூரிகையால் தேய்த்தேன். போகாத இடங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தேன். கையுறையும் திறந்த ஜன்னலும் அருகில் தீ எதுவும் இல்லாமையும் கட்டாயம். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். முடிந்தபோது துணி சுத்தமாக, மென்மையாக, நாற்றமின்றி இருந்தது.

பூச்சு போனதால் பை இனி நீரைத் தடுக்காது. துணியின் வலு நெசவில் இருப்பதால் அது பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் இழைகளை நகராமல் பிடித்துவைத்ததில் பூச்சுக்கும் பங்கு உண்டு. ஆகவே தையலோரங்களை இனி அவ்வப்போது விரித்துப் பார்த்துவர வேண்டும்.

மழை

மழை உறையை மட்டும் நம்புவதா, பைக்குள் உட்பை வைப்பதா என்பதற்கு வீட்டிலேயே சோதனை செய்தேன். இரண்டு பைகளிலும் காகிதத் தாள்களை நிரப்பி, மாட்டிக்கொண்டு குளியலறைப் பூந்தூவிக்குக் கீழே நெடுநேரம் நின்றேன். உறை போட்ட பையில் வெளிப்புறம் உலர்ந்திருந்தது. முதுகும் பையும் சேரும் இடத்தில் வழிந்த நீர் தோள்வார்த் தையல்கள் வழியாக உள்ளே போய் மேல்தாள்களை நனைத்திருந்தது. தடித்த பிளாஸ்டிக் உட்பையின் வாயை முறுக்கி மடித்து வைத்த பையில் துணி முழுவதும் ஊறியிருந்தது, தாள்கள் சுக்குப்போல உலர்ந்திருந்தன. உறை காற்றில் பறந்து போகவும் செய்யும். இரவு முகாமில் உலர்ந்த ஸ்லீப்பிங் பேக் உயிர் காக்கும் பொருள் என்பதால் உட்பை என் பட்டியலில் நிரந்தரம். மெல்லிய குப்பைப் பை போதாது. 50 மைக்ரான் தடிமனாவது வேண்டும்.

அடுக்கும் முறை

இரவுப் பையில் உட்பையை விரித்து, அடியில் ஸ்லீப்பிங் பேக்கை அதன் சிறு உறையிலிருந்து எடுத்து அப்படியே திணிக்கிறேன். உருண்டையாகக் கட்டி வைத்தால் சுற்றிலும் வெற்றிடம் நிற்கும். திணித்தால் மூலைகளை நிரப்பி இடுப்புக்கு மேல் ஒரு மெத்தை கிடைக்கும். அதன்மேல் மாற்று உடைகள். உட்பையின் வாயை மூடிய பிறகு, முதுகை ஒட்டி, தோள்களுக்கு இடையிலான மட்டத்தில் கனமானவை: உணவு, அடுப்பு, பாத்திரம். கூடாரத் துணியை அவற்றுக்கு வெளிப்பக்கம், ஆடாமல் பிடிக்கும்படி சுற்றி. எரிவாயுக் குப்பியை உணவுக்குக் கீழே வைக்க வேண்டும். மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. மழை வந்தபின் தேடக்கூடாது. கூடாரக் கம்பிகள் ஒரு பக்கம் நிமிர்த்தி. தண்ணீர் இரு பக்கமும் ஒவ்வொரு லிட்டர். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் அந்தத் தோள் மாலைக்குள் சொல்லிவிடும். கடைசியில் பக்கவார்களை இழுத்துப் பாரத்தை முதுகோடு நெருக்கிக்கொள்கிறேன்.

பகல் பைக்குச் சட்டம் இல்லை. உட்காரப் பயன்படும் நுரைத்தாளை மடித்து முதுகுப் பக்கம் நுழைத்தேன். புட்டி முதுகில் குத்துவதும் நின்றது, பைக்கு ஒரு விறைப்பும் கிடைத்தது. இதன் இடுப்புநாடா எடை தாங்காது, பை குலுங்காமல் பிடிக்க மட்டும் உதவும். 5 கிலோவுக்கு அது போதும். 8 கிலோவைத் தாண்டினால் சட்டமுள்ள பையை எடுத்துவிடுவேன்.

இரு பைகளுக்கும் பொதுவாக ஒரு பழுதுப் பொட்டலம் கட்டியிருக்கிறேன். தையலைப் பிரிக்காமலே நாடாவில் மாட்டக்கூடிய பிளவு பக்கிள் ஒன்று, இரண்டு மீட்டர் மெல்லிய கயிறு, தடித்த ஊசி, நைலான் நூல், தண்ணீர்ப் புட்டியில் சுற்றிய ஒட்டுநாடா, சில ஊக்குகள். சிலிக்கான் பூசிய துணியில் சாதாரண ஒட்டுநாடா ஒட்டாது; அப்படிப்பட்ட பை உள்ளவர்கள் ஊசியையும் நூலையும் விட்டுவிடக்கூடாது. பக்கிள் வாங்கும்போது நாடாவின் அகலத்தை அளந்து வாங்குங்கள். என் இடுப்புப் பட்டையில் 38 மி.மீ., தோள்வாரில் 20, மார்புவாரில் 15. உடைந்தால் நடையையே நிறுத்துவது இடுப்புப் பக்கிள் என்பதால் அதற்குத்தான் உதிரி வைத்திருக்கிறேன்.

இரண்டு பைகளும் இப்போது வார்கள் தளர்ந்து, வாய் திறந்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் தொங்குகின்றன. பகல் பையில் ஒரு வேலை பாக்கி: பக்க வலைப்பையின் எலாஸ்டிக் தளர்ந்து, குனிந்தால் புட்டி நழுவி விழுகிறது. பழைய எலாஸ்டிக்கை உருவி, மூன்று மி.மீ. வட்ட எலாஸ்டிக் கயிறும் ஒரு சிறு பூட்டும் கோக்க அளவெடுத்து வைத்திருக்கிறேன். வலையின் மடிப்புத் தையலில் ஒரு செ.மீ. பிரித்தால் ஊக்கில் கட்டிய கயிறு உள்ளே போகும் வழி கிடைக்கும்.